தட்டில் சாகிற ஈஸ்ட் என் வாயில் சாகவில்லை

மூலக்குளம்,
12.11.2006

பாரீசில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் பலராமன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் சந்திரமோகன் கும்பிட்டு எழுதுவது. இங்கே செல்வாம்பாள் நலம், ரொட்டி அடுப்பு நலம், என் வாயைத் தவிர எல்லாம் நலம். அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் இங்கே நடக்கப்போகிற உங்கள் மகள் துர்கா கல்யாணப் பந்தியில் போட நீங்கள் ஆசையாகக் கேட்ட பிரியோஷ் இனிப்பு ரொட்டியை என்னால் போட முடியாது. வேறு பேக்கரியில் சொல்லிவிடுங்கள். இதை எழுதக் கை வரவில்லை மச்சான். மாமன் நான் இருந்தும் என் கை ரொட்டி இல்லாமல் பந்தி நடந்தால், எந்த முகத்தோடு வந்து உட்காருவேன்?

நடந்தது இதுதான். ஆவணியில் என் நாக்கில் வெள்ளையாகப் படர்ந்தது. காரம் பட்டால் உயிர் போகிறது, ருசி தெரியவில்லை, போதாததற்குச் சளி பிடித்து மூக்கும் அடைப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, "உங்க வாயில ஈஸ்ட் வளருது" என்றார். "மாவுலதான டாக்டர் போட்டேன்?" என்றேன். "அது ரொட்டி ஈஸ்ட். இது அதுக்குப் பங்காளி, போக்கிரிப் பய" என்று சொல்லி, நாக்கில் தடவ ஒரு குட்டி பாட்டில் மருந்து கொடுத்தார். குறைந்துதான் வந்தது. ஆயுத பூஜை முடிந்ததும் பழையபடி ஏறிவிட்டது. அன்றிலிருந்து என் பன் மாவும் பொங்கவில்லை! அதே மைதா, அதே ஈஸ்ட், உப்பு ரொட்டி மாவு ஜோராகப் பொங்குகிறது. வெனிலா எசன்ஸ் ஊற்றிப் பிசைகிற பன், பிரியோஷ் மாவு மட்டும் குத்துக்கல்லாட்டம் கிடக்கிறது. பூஜையில் மாவுத் தொட்டிக்குப் பொட்டு வைத்தோமா இல்லையா என்று எனக்கும் செல்வாம்பாளுக்கும் தினம் சண்டை. டீக்கடை சாமிக்கண்ணு ஒருத்தர்தான் அந்தத் தட்டை பன்னை விடாமல் வாங்குகிறார். அதைத் தின்னத் தின்ன அவர் நாக்கிலும் என்னைப் போலவே இருந்த வெள்ளை போய்விட்டதாம். கேட்கவே எனக்கு வயிறு எரிகிறது.

"மருந்துக்கு அசையாத ஈஸ்டோ என்னமோ, லேபுல பாத்துடலாம்" என்று டாக்டர் அனுப்பினார். லேபில் ஹேமலதா என்ற பெண் பஞ்சுக் குச்சியால் என் நாக்கை வழித்து, அந்த ஈஸ்டைத் தட்டில் தடவி வளர்த்தது. பிறகு போய்ப் பார்த்தால் தட்டு முழுக்க என்ன ஒரு வளர்ச்சி மச்சான்! எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நடுநடுவே மருந்து தோய்த்த காகித வில்லைகள். ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் அகலமாக ஒன்றுமே முளைக்கவில்லை.

"பாருங்கய்யா, இதான் நீங்க தடவுற மருந்து. இதுக்கு உங்க ஈஸ்ட் சுத்தமா செத்துடுது."

"அப்ப என் வாயில ஏம்மா சாவல?"

"தெனம் தடவுறீங்களா?"

"சாமி சத்தியமா! கண்ணாடிப் பக்கத்துலயே பாட்டில் இருக்குது. பல்லு வெளக்கின கையோட தடவிடுறேன்."

அந்தப் பெண் விழித்தது, நானும் விழித்தேன், ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டாக்டரும் விழித்தார். சாக வேண்டிய ஈஸ்ட் என் வாயில் வாழ்கிறது, வாழ வேண்டிய ஈஸ்ட் மாவில் சாகிறது, இது என்ன கூத்து? மறுநாள் பன் மாவில் ஒரு உருண்டையை டிபன் பாக்ஸில் எடுத்துப்போய், "இதையும் தட்டுல போட்டுப் பாத்துடும்மா" என்று கெஞ்சினேன். "மனுசங்களுக்குத்தான்யா பாப்போம், மாவுக்கெல்லாம் பாக்க மாட்டோம்" என்று அனுப்பிவிட்டது.

ஆகவே என்னை மன்னித்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். துர்கா மஞ்சள் குங்குமத்தோடு நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
ஒரு எழவும் புரியாத,
சந்திரமோகன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் செல்வாம்பாள் இதைப் படித்தாள். நேராகப் போய், அடுப்புப் பக்கத்து பாட்டிலை எடுத்து, மேலே படிந்த மாவைத் துடைத்து லேபிளைக் காட்டினாள். நாக்கு மருந்து! கண்ணாடிப் பக்கத்தில் அதே மாதிரி குட்டி பாட்டிலில் இருந்ததோ வெனிலா எசன்ஸ். ஆயுத பூஜைக்குத் துடைத்து வைத்தபோது இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டாளாம். "பாத்து எடுக்கக் கூடாதா? கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்று திட்டு மட்டும் எனக்கு. வேறு பேக்கரியில் சொல்லிவிடாதீர்கள் மச்சான், நிஜ எசன்ஸை ஊற்றிப் பிசைந்ததில் இன்றைக்குப் பன் மாவு தொட்டியைத் தாண்டி வழிகிறது. சாமிக்கண்ணு மட்டும் புது பன்னை ஒரு கடி கடித்துவிட்டு, "இது வேணாம்பா, அந்தத் தட்டை பன்னையே போடு" என்று வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.