துண்டு எண்ணும் சனிக்கிழமை

ஹோட்டல் வரவேற்பாளர் பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேறியே தீருவது. நுரையோடு எடுத்ததுதான் என்றாலும் உறுதியான சபதம்.

அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு இறந்தகாலம். இம்பர்ஃபே என்று பெயர். முன்பெல்லாம் வழக்கமாகச் செய்துவந்ததைச் சொல்ல அது வேண்டும். 'நாங்கள்' என்பதோடு வரும் வினையைப் பிடித்து, வாலை நறுக்கி, ஆளுக்குத் தகுந்த புதுவாலை ஒட்ட வேண்டும். மற்ற வினைகளெல்லாம் பேசாமல் வாலைக் கொடுத்துவிட்டன. 'இரு' என்கிற வினை மட்டும் அடங்கவில்லை. அதை அவரால் குறைசொல்ல முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இரு என்றால் அவரும் அடங்குகிறவர் இல்லை.

"ஹோட்டல்ல துண்டு எண்ணணும்" என்று கிளம்பிவிடுவார். போவது டயர்கடை மாடிக்கு. எண்ணுவது கேரம் காய்களை. அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் வாரம் முழுக்க விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தார். அது போனால் சிரிப்பும் போய்விடும், வேலையும் போய்விடும் என்பது அவர் கணக்கு. அந்த நேரத்தில் மனைவி வீட்டில் ஒரு வாரத்துத் துணிக்கு இஸ்திரி போடுவாள்.

"சொந்த வாழ்க்கையைச் சொல்லிப் பழகுங்க. கற்பனை நாக்குல ஒட்டாது" என்று பிரெஞ்சு வகுப்பு வாத்தியாரம்மா சொல்லியிருந்தார். கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஆள் ஒன்றுதான்.

"ஏம்மா, இந்தத் தாள்ல இருக்கிறதை அப்படியே படி. நம்ம எழுத்துலதான் எழுதியிருக்கேன்."

"அர்த்தம்?"

"அது உனக்கு எதுக்கு? கிளி அர்த்தம் தெரிஞ்சா பேசுது?"

"கிளி தயார். நீங்க ஆரம்பிங்க."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் முதல் கேள்வியைப் படித்தாள். சனிக்கிழமைகளில் என்ன செய்துவந்தீர்கள்?

துண்டு எண்ணினேன் என்றுதான் சொல்ல நினைத்தார். துண்டுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. உண்மைக்கோ எல்லா வினையும் வாலோடு தயாராக நின்றது. எதிரே நிற்பதும் கிளி. பிறகென்ன பயம்?

"விளையாடிவந்தேன்" என்றார் பிரெஞ்சில். வால் கச்சிதம். மார்பு விரிந்தது.

"எங்கே?" பிரெஞ்சில்தான்.

"டயர்கடை மாடியில் விளையாடிவந்தோம்."

"மனைவியிடம் என்ன சொல்லிவந்தீர்கள்?"

"வேலை இருக்கிறது என்று சொல்லிவந்தேன்."

"அவள் நம்பிவந்தாளா?"

"நம்பிவந்தாள்!" ஒரு பிழை இல்லை. அவருக்குத் தன்னையே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"நீங்கள் விளையாடும்போது அவள் என்ன செய்துவந்தாள்?"

"இஸ்திரி போட்டுவந்தாள்."

"தனியாகவா?"

"தனியாக."

இதைச் சொல்லும்போது குரல் சற்று இறங்கியது. இலக்கணத்தில் தவறில்லை, ஆனாலும் ஏதோ தவறாக இருந்தது. அப்போதுதான் பார்த்தார். தாள் ஜன்னல் விளிம்பில் மடித்துக் கிடந்தது. அவள் அவருடைய சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம்... தாள்ல இல்லையே?"

"இல்லை."

"உனக்கு எப்படி...?"

"ஆறு மாசமா குளிக்கும்போது கத்துறீங்க, சாப்பிடும்போது கத்துறீங்க. இந்தச் சுவருக்கே பிரெஞ்சு வந்திருக்கும்ங்க. எனக்கு வராதா?"

"அது வந்து, சும்மா உதாரணத்துக்கு..."

"பிரெஞ்சுல சொல்லுங்க."

உதாரணத்துக்கும் பிரெஞ்சு தெரியவில்லை. அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க விளையாடினதுக்குக் கோபம் இல்லைங்க. எனக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம் இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க. அதான்."

அவர் சட்டையைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

தேர்வில் தேறிவிட்டார். மனைவி தனியாக இஸ்திரி போட்ட கதையைக் கேட்டுத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

அடுத்த சனிக்கிழமை அவள் பக்கத்துவீட்டு அக்காவோடு வாசலில் செருப்பு மாட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"துண்டு எண்ண. துணிக்குத் தண்ணி தெளிச்சு வெச்சிருக்கேன். காலரை உள்பக்கமிருந்து ஆரம்பிங்க."

முதல் சட்டையில் இரண்டு மடிப்புகள் இருந்தன. அவர் முடித்தபோது ஐந்து. விரல் சுட்டது. ஒரே வாரம்தானே, கோபம் தணிந்தால் அடுத்த சனிக்கிழமை பழையபடி தன்னுடையதுதான் என்று விரலை ஊதிக்கொண்டார்.

இருட்டும் நேரத்தில் டயர்கடைக்காரர் போனில் கூப்பிட்டார். பின்னால் ஒரே கைதட்டல்.

"சும்மா சொல்லக்கூடாதுப்பா, தங்கச்சி சிவப்புக்காயை ஒரே அடியில போட்டுடுச்சு! இனிமே வாராவாரம் தங்கச்சியையே அனுப்பிடு. உன் ஆட்டத்தை இத்தனை நாளா நாங்க எப்படிப் பொறுத்துக்கிட்டோம்னு எங்களுக்குத்தான் தெரியும்."