அம்மாளுக்கு அனுமதிப் பத்திரம் இல்லை

ஜெர்மனியில் துவக்கு வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதலில் ஒரு வருடம் துவக்குக் கழகத்துக்குப் போய் ஒழுங்காகச் சுடவேண்டும். பிறகு பரீட்சை எழுதவேண்டும். ஆள் நம்பத் தகுந்தவர்தானா என்று அரசாங்கம் விசாரித்துத் திருப்திப்படவேண்டும். கடைசியில், தனக்குத் துவக்கு 'தேவை' என்று எழுத்தில் நிரூபிக்கவேண்டும். 'கடதாசியில் அச்சடித்த வட்டங்களைச் சுடுவதற்கு' என்று எழுதினால் அது தேவை. 'உயிருக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதினால் அது தேவை இல்லை.

எங்கள் இராசலிங்கம் அண்ணை இத்தனையையும் தாண்டினார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லி இந்த நாட்டில் அகதி அந்தஸ்து வாங்கியவர் அவர். பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூர் அம்மாள் கோயில் சபையின் தலைவரும் அவரே. நான் செயலாளர். செயலாளர் என்றால், எந்தத் தமிழர் வீட்டுக்கு அலுவலகக் கடிதம் வந்தாலும் அதை வாசித்து, மொழிபெயர்த்து, கடைசியில் பேச்சும் வாங்குகிற ஆள்.

முப்பது வருடம் ஒரே தெருவில் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழகத்தில் சேர்ந்த மூன்றாம் கிழமை, கழகத் தலைவர் கிறிஸ்ரியன் தோளில் தட்டி "லிங்கம்" என்று கூப்பிட்டார். அன்றைக்கு அண்ணை வீட்டுக்கு வந்து அழுதாராம். அதை நான் கேலி செய்யமாட்டேன். மிச்சத்தைச் செய்வேன்.

மிச்சம் என்னவென்றால், அகதியாக இருந்த காலத்தில் ஒரு நாளும் முறைப்பாடு சொல்லாத மனிதர், துவக்குக்காரர் ஆனதும் புலம்பத் தொடங்கினார். "இந்த நாட்டிலை எங்களை மாதிரிச் சனத்தை ஆரும் விளங்கிக்கொள்ளுறதில்லை தம்பி" என்பார். 'எங்களை' என்றால் தமிழரை அல்ல, துவக்குக்காரரை. கழகத்தில் பத்து நிமிடம் சுட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் பியர் குடித்தபடி எல்லோரும் சேர்ந்து புலம்புவார்களாம். அதற்குப் பெயர் தோழமை.

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? அண்ணை கழகத்தின் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். அடுத்த வருடம் பதினாலு பேர் கழகத்தில் சேர்ந்தார்கள். மனைவிமார் பச்சைக் கரைச் சேலை எடுத்தார்கள். துவக்கே வாங்காத ஆறு குடும்பங்கள் துவக்குப் பெட்டகம் வாங்கி, விருந்தினர் பார்க்கிற இடத்தில் வைத்தன.

எல்லாம் நன்றாகத்தான் போனது, நவராத்திரி வரும்வரை.

ஆயுத பூசை அன்று பின்னேரம் சுண்டலுக்காக அண்ணை வீட்டில் நானும் இருந்தேன். மணி அடித்தது. வாசலில் ஆயுத அலுவலகத்து ஹோல்ட்கம்ப் அம்மையார். துவக்கு பூட்டிய பெட்டகத்தில் இருக்கிறதா என்று முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்க அவருக்கு உரிமை உண்டு. சப்பாத்தை மரியாதையாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பெட்டகம் கீழே கெல்லர் என்கிற நிலவறையில் இருந்தது. அதற்குள் காற்று இருந்தது. துவக்கு மேலே முன்னறையில், கும்பத்துக்கும் பதினெட்டுக் கைத் துர்க்கை படத்துக்கும் முன்னால், தையல் மெஷினுக்கும் கார்த் திறப்புக்கும் நடுவில், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டுப் படுத்திருந்தது.

"இது ஏன் பெட்டகத்தில் இல்லை?"

அண்ணைக்கு அலுவலகத்து ஆட்களைக் கண்டால் ஜெர்மன் மொழி தொண்டைக்குள் போய்விடும். என்னைப் பார்த்தார். "பூசைக்கு வைச்சது எண்டு சொல்லும்."

"உடனே உள்ளே வையுங்கள்."

அண்ணையின் மனைவி கமலாம்பிகை அக்கா குறுக்கே வந்தார். "ஏலாது. வைச்சதை விஜயதசமிப் பூசை முடிய முதல் எடுக்கக்கூடாது. நாளைக்குக் காலமை வரச் சொல்லுங்கோ."

"அதுவரை இந்த ஆயுதம் யாருடைய பொறுப்பில் இருக்கும்?"

"அம்மாளின்ர பொறுப்பிலை," என்றார் அக்கா.

பிழை விட்டது நான். 'எங்கள் பொறுப்பில்' என்று மாற்றிச் சொல்லியிருந்தால் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்ப்பவன் என்ற திமிர் எனக்கு. அப்படியே சொன்னேன்.

அம்மையார் பேனாவைத் திறந்தார். "அந்தப் பெண்மணி இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

"எப்பவும் இருக்கிறா," என்றார் அக்கா.

"பதிவு செய்த முகவரி இதுதானா?"

"அவ எங்கும் இருக்கிறா."

'நிரந்தர முகவரி இல்லை' என்று அம்மையார் எழுதினார். பிறகு படத்தில் உள்ள ஆயுதங்களை எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். துவக்கைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். 'இனந்தெரியாத சிவப்புத் தூள்' என்று குறித்துக் குங்குமத்தையும் ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போனார்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'அம்மாள் எனப்படும், அனுமதி இல்லாத மூன்றாம் நபரிடம் ஆயுதத்தை ஒப்படைத்தமையால், தங்களது நம்பகத்தன்மை கேள்விக்குரியதாகியுள்ளது.' துவக்கு அனுமதியான ஆயுத அட்டை நிறுத்தம். அட்டை திரும்பி வராவிட்டால் ஒக்டோபர் போட்டிக்கான அணியில் அண்ணைக்கு இடம் இல்லை. கழகத்தில் இரண்டு பேர் அதற்குள்ளேயே அவரை 'லிங்கம்' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணை சாப்பாட்டைக் குறைத்தார்.

கிறிஸ்ரியன் கொதித்தார். கொதித்துவிட்டு வழியும் சொன்னார். "அம்மாள் அனுமதி இல்லாத நபர் என்பதுதானே குற்றச்சாட்டு? அனுமதி எடுத்துவிட்டால் குற்றச்சாட்டு எங்கே?" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அம்மாளைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார். அம்மாளின் பெயரில் நான் விண்ணப்பம் நிரப்பினேன். நற்சான்றிதழுக்குப் பதிலாகக் கோயில் திருவிழாப் பிரசுரத்தை மொழிபெயர்த்து இணைத்தேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது இப்படித்தான்.

எட்டு மாதத்தின் பின், செப்டெம்பரில், விசாரணைக்கு அழைத்தார்கள். ஹோல்ட்கம்ப் அம்மையார் பிரசுரத்தில் மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தார்.

"விண்ணப்பதாரர் மகிஷாசுரன் என்பவரைக் கொன்றதாக இதில் உள்ளது. அவர் உண்மையிலேயே இறந்துவிட்டாரா?"

"ஓம். வருஷா வருஷம்," என்றார் அண்ணை.

"ஒவ்வொரு வருடமுமா?"

"விஜயதசமிக்கு. கோயில் முன்றலிலை அசுரன்ர சிலைக்கு முன்னாலை வாழையை நட்டு, அம்மாளின்ர வாளாலை ஐயர் வெட்டுவார். அதுதான் அசுரன்."

"சாட்சிகள்?"

"முந்நூறு பேர் வருவினம். பிறகு சாப்பாடும் குடுப்பம்."

அம்மையார் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த நபர் மனிதரா, மிருகமா?"

"தலை எருமை. மிச்சம் ஆள்."

"அப்படியானால் இரண்டு கோப்பு. தலைக்கு வேட்டை அனுமதி இருந்திருக்கவேண்டும். மிச்சத்தை அரச வழக்கறிஞருக்கு அறிவிக்கவேண்டும்."

நான் இடையில் புகுந்தேன். "அது தற்காப்பு, அம்மா."

"தற்காப்பு ஒரு தேவையாக ஏற்கப்படுவதில்லை."

"மூன்று உலகத்தையும் காப்பாற்றத்தான்..."

"அதற்குப் பொறுப்பான அலுவலகம் இது அல்ல."

அவர் கெட்டவர் அல்ல. பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டித் தருகிற முகம் அவருக்கு. கோப்பை மூடிவிட்டு, சமரசமாக ஒரு வழி இருக்கிறது என்றார். அம்மாளின் விண்ணப்பத்தை மீளப் பெறவேண்டும். அவருடைய கையில் இனி எந்த ஆயுதமும் இராது, வாழை வெட்டும் நடக்காது என்று கோயில் சபை எழுதித் தரவேண்டும். தந்தால் திரு. இராசலிங்கத்தின் அட்டையும் துவக்கும் திரும்பக் கிடைக்கும்.

அண்ணை எழுந்து கதவை அறைந்துவிட்டு வெளியே போவார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"எங்கை கையெழுத்து வைக்கிறது?" என்றார் அண்ணை.

"அண்ணை!"

"என்ன அண்ணை? அம்மாளுக்கு ஆயுதம் எதுக்கு? அவவுக்குச் சக்தி இருக்கு. எனக்கு ஒக்டோபரிலை போட்டி இருக்கு." கையெழுத்தை வைத்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீரும் போடும், செயலாளர்."

நானும் போட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டேன்.

சபைக் கூட்டத்தில் எதிர்ப்பு வரும் என்று பயந்தேன். வந்தது. பதினெட்டு ஆயுதங்களையும் பூட்டப்போகிற பெட்டகத்தின் திறப்பு யாரிடம் இருப்பது என்று மூன்று மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். அம்மாளின் கையை வெறுமையாக்குவது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லை.

விஜயதசமி வந்தது. அம்மாள் வீதிக்கு எழுந்தருளினார். பதினெட்டுக் கையிலும் ரோசாப்பூ. "என்ன சாந்தமான முகம், பாருங்கோ!" என்று பெண்கள் படம் எடுத்தார்கள். அடுத்த வருடம் இந்த அலங்காரத்தை இன்னும் விமரிசையாகச் செய்வோம் என்று அங்கேயே தீர்மானம் ஆனது. ஹோல்ட்கம்ப் அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தினோம். காலையில்தான் அட்டை கைக்குக் கிடைத்த இராசலிங்கம் அண்ணை, பச்சைக் கோட்டோடு முன்னால் நின்றார். பக்கத்தில் கிறிஸ்ரியன் "லிங்கம், லிங்கம்" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார்.

எதிர்ப் பக்கத்தில் இருந்து அசுரனைத் தூக்கி வந்தார்கள். ஆள் உயர மரச் சிலை. எருமைத் தலை, பிதுங்கிய கண், வலக் கையில் நல்ல நீள இரும்பு வாள். அம்மாளும் அசுரனும் வாழைக்கு முன்னால் நேருக்கு நேர் நின்றார்கள். தவில் உச்சத்துக்குப் போனது. வெறுங்கையோடு நின்ற ஐயர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பொறுக்கமுடியாமல் அம்மையாரிடம் போனேன். "அவனுடைய கையில் வாள் இருக்கிறதே? அதை ஏன் நீங்கள் கேட்கவில்லை?"

அம்மையார் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு அன்பாகச் சொன்னார். "அவருடைய பெயரில் எங்களுக்கு விண்ணப்பம் எதுவும் வரவில்லை. விண்ணப்பிக்காதவர்களை நாங்கள் பரிசோதிப்பதில்லை."

தவில் ஓய்ந்தது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஐயர் அம்மாளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அசுரன் உயிரோடு வீதி சுற்றப் புறப்பட்டான். சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. முதலில் யார் கை கூப்பினார்கள் என்று தெரியாது. பிறகு எல்லோரும் கூப்பினோம். நானும்தான். அந்த வீதியில் வாள் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தானே.