பள்ளிக்கூடத்துச் சட்டையில் நான் பேசிய பேச்சு

மரியாதைக்குரிய இசில்டா அக்காவுக்கு, சாண்டா குரூஸிலிருந்து தம்பி லின்வால் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் ஜோடெல்லும் டாக்ஸியும் சௌக்கியம். டாக்ஸிக்கு மட்டும் பிரேக் கொஞ்சம் சரியில்லை. டொராண்டோ பனியில் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஜோடெல் போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்து கேட்டிலேயே மறித்துவிட்டார்கள். சவாரி முடித்து நேரே போனேன், வெயிலுக்குப் பனியன்தான் போட்டிருந்தேன். காவல் நிற்கும் மிஸ் வெர்னா, "கையில்லாத பனியனோட உள்ள விட மாட்டேன் மிஸ்டர் பின்னக். பெத்தவங்களுக்கும் சட்டம் உண்டு" என்றாள். "கூட்டத்துல பேசணும்மா" என்று கெஞ்சினேன். எவனோ விட்டுப்போன காக்கிச் சட்டை ஒன்றைத் தூக்கிப் போட்டாள். ஏழாம் வகுப்புப் பையனுடைய சீருடை. மூச்சை இழுத்துப் பிடித்துப் பொத்தான் மாட்டினேன். பின்னாலிருந்து ஒரு வாத்தியார், "டேய் தம்பி, இது பெத்தவங்க கூட்டம், வகுப்புக்குப் போ" என்றார். திரும்பினேன். என் வழுக்கையைப் பார்த்ததும் அவர்தான் வகுப்புக்குப் போய்விட்டார்.

கூட்டம் எதற்கென்றால், சீருடை கட்டாயமாக வேண்டுமா என்று. பாவாடை கெண்டைக்காலில் பாதிவரை இருக்க வேண்டுமாம். ஜோடெல்லை அந்த வாரம் மூன்று நாள் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பியதில் அறிவியல் பரீட்சை போய்விட்டது. பாவாடையின் மடிப்பை நானே இரண்டு தடவை பிரித்துவிட்டேன், இனிப் பிரிக்கத் துணி இல்லை. அந்த நீலத்துணி கடைக்கு ஆகஸ்டில்தான் வரும். "அப்பா, அதுவரைக்கும் விடச்சொல்லி ஒரு வார்த்தை கேளுங்க" என்று காலையில் சொல்லித்தான் அனுப்பினாள். நானும் வழியெல்லாம் பயணிகளிடம் ஒத்திகை பார்த்தேன். நாலு பேர் சீட்டில் இருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள்.

உள்ளே ஒரே சத்தம். பெற்றவர்களில் ஒருவரான பிரிசெட், "வெளிநாட்டுல பிள்ளைங்க இஷ்டத்துக்கு உடுத்துறாங்க, படிக்கலையா?" என்றார். மீன் விற்கும் பாலெட், "சீருடைய எடுத்துட்டா என் மகன் தெனம் ஒரு சட்டை கேப்பான். நான் மீனை விக்கிறதா, என்னையே விக்கிறதா?" என்றாள். கூடமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து நான் எழுந்தேன். பொத்தான் தெறித்துப் போய்த் தலைமையாசிரியை மேசையில் விழுந்தது. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஜோடெல் நிற்கிறாள். "மிஸ்டர் பின்னக், உங்க மக விஷயமாவா?" என்று அந்தம்மா கேட்டார். தொப்புள் தெரிய, பையன் சட்டையில் நிற்கிறேன் அக்கா, எப்படியாவது மானமுள்ள மனிதனாகத் தெரிய வேண்டும் என்று ஒரு வெறி. "இல்லீங்கம்மா! சீருடை கட்டாயம் வேணும்! அளவு ஒரு நூல்கூடக் குறையக் கூடாது!" என்றேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். விதி அப்படியே நிலைத்தது.

வெளியே வந்தால் ஜோடெல் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். "முன்னால வாம்மா" என்றேன். "மார்க்கெட்கிட்ட இறக்கி விடுங்க, டிரைவர்" என்றாள். அன்றிலிருந்து என்னை அப்பா என்று கூப்பிடவில்லை.

இருந்தாலும் சீருடை நல்லதுதான், எல்லாப் பிள்ளையும் ஒன்றாகத் தெரியும். நான் சொன்ன சொல்லில் நிற்கிறேன். நீங்கள் கப்பலில் சாமான் நிரப்பி அனுப்பும் அடுத்த பீப்பாயில் துணிமணி ஒன்றும் போட வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் வீட்டைக் கதகதப்பாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
லின்வால்

பி.கு: நிற்கிறேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். நீலத்துணி அங்கே கிடைத்தால் பீப்பாய்க்குக் காத்திராமல் தபாலில் அனுப்புங்கள், மூன்று கெஜம். நாலாகவே இருக்கட்டும், இன்னும் வளர்வாள். திங்கட்கிழமை முழுக்கைச் சட்டை போட்டுத் தலைமையாசிரியை அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அன்றைக்கு நாக்கு நுனிவரை வந்து நின்றது இதுதான்: "பாவாடை குறையலீங்கம்மா. பிள்ளைதான் வளந்துட்டா. நான் கவனிக்கல."