எண் இல்லாத பூண்டுப்பூ

கூக்கால்

அன்புள்ள ராஜமுருகன் சித்தப்பாவுக்கு,

தமிழ்மதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். திருப்பூரில் நீங்களும் சித்தியும் ஸ்வேதா பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நம் ஊர் நூலகத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒரு சொல்கூடப் பொய் இருக்காது. போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள்.

பழையவற்றைக் கழித்துவிட்டு இடம் பண்ணுங்கள் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. கிழிந்தவை, பூச்சி அரித்தவை, மூன்று ஆண்டுகளாக யாரும் இரவல் எடுக்காதவை எல்லாம் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். நூலகர் பொன்னுவேல் சாருக்கு நான்தான் தூசி தட்டிக் கொடுத்தேன். அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் கையால் எழுதி நடத்திய 'பூண்டுப்பூ' இதழ்க் கட்டு விழுந்தது. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் உண்டு. நான் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதிவேட்டுல இதுக்கு நம்பரே இல்லையேம்மா. நம்பர் இல்லாதத நீக்க முடியாது."

"அப்ப வெச்சுக்கலாமா சார்?"

"நம்பர் இல்லாதத எப்படி வெச்சுக்கிறது? கணக்குப்படி இப்படி ஒண்ணு இங்க இல்லவே இல்லம்மா."

"உங்க கையிலதான சார் இருக்கு!"

"கையில இருக்கு. நூலகத்துல இல்ல."

நூலகத்தில் இல்லாததை வீட்டுக்குக் கொண்டுபோகத் தடையில்லை அல்லவா? கழிக்கும் நூல்களைப் பார்வையிட மாவட்ட அதிகாரி வரும்வரை நானே வைத்திருக்கிறேன் என்று எடுத்துப்போனேன். "பத்திரமா வைக்கணும்மா" என்று அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த ஒரே காரியம். "நான் பாத்துக்கிறேன், நீ ஒஞ் சோலியப் பாரு" என்று அம்மா வாங்கிக்கொண்டது. அம்மா பத்திரமாக வைக்கும் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அதிகாரி வருகிற அன்று வெள்ளனே எழுந்து தேடினால், உங்கள் இலக்கியம் முழுவதும் அடுப்புக்கு மேலே, விதைப்பூண்டுக் கொத்துகளுக்கு நடுவே, அதே சணல் கயிற்றில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு புகை குடிக்கிறது! "என்னம்மா இது?" என்று அலறினேன். "புகை படாம எதுடி கெடாம இருக்கும்? வெரசாக் கொண்டு போ, பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு" என்றது அம்மா.

சாயங்காலம் பள்ளி விட்டு நான் நூலகத்தில் காத்திருக்க, அதிகாரி மகாதேவி மேடம் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கி, "இங்க யாரு சட்னி அரைக்கிறது?" என்று கேட்டார். நான் இதழ்க் கட்டை நீட்டினேன். இரண்டு விரலால் பிடித்துத் திறந்தவர், நீங்கள் எழுதிய 'பரண் திருடன்' தொடரில் மாட்டிக்கொண்டார். டீ ஆறிப்போனது. ஜீப் டிரைவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். கடைசி இதழின் கடைசி வரிக்கு வந்து நிமிர்ந்தார்.

"பூண்டத் திருடுனது யாரு?"

"தெரியாதுங்க மேடம். 'தொடரும்'னு போட்டுட்டுச் சித்தப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு."

"நல்ல சித்தப்பா!" என்றவர் சாரைப் பார்த்து, "இத நீக்கக் கூடாது. இதுக்கு ஒரு நம்பர் போடுங்க. ஒரே பிரதி, அதனால இரவல் தரக்கூடாதுன்னும் எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா, நாம் ஜெயித்துவிட்டோம்! உங்கள் எழுத்து இனி அரசாங்கத்தின் சொத்து. யாராலும் அசைக்க முடியாது. திருடன் யார் என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதிவிடுங்கள். மேடம் மறுபடி வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சித்திக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். மலைக்கு வரும்போது ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
தமிழ்மதி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்ப்பதற்காகப் பொன்னுவேல் சாரிடம் இதைக் காட்டினேன். "பிழை இல்லம்மா. ஆனா ஒண்ண யோசிக்கலையே" என்றார். எண் இல்லாதவரை பூண்டுப்பூவை யாராலும் நீக்க முடியாது. இப்போது எண் இருக்கிறது, நீக்கலாம். இரவல் தரவும் கூடாது. ஆகவே யாரும் எடுக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகள் யாரும் எடுக்காவிட்டால்? "அடுத்த தடவ மொத ஆளா இதுதாம்மா போகும்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு ஜன்னல்களைச் சாத்தப் போயிருக்கிறார். மேடம் அடுத்த முறை வந்து கையெழுத்துப் போடும்வரை எதையும் பென்சிலால் எழுதி வைப்பதுதான் சாருடைய வழக்கம்; பூண்டுப்பூவின் எண்ணும் அப்படித்தான். பதிவேடு மேஜையில் விரித்தபடி இருக்கிறது. ரப்பர் என் பெட்டியில் இருக்கிறது. இதற்குமேல் நடந்ததை நடந்தபடியே எழுத முடியவில்லை, சித்தப்பா; சார் விளக்கை அணைத்துவிட்டார்.