வாய்க்குள் போகாத லாரி

"வாயைத் திற கண்ணு. லாரி வருது."

வீட்டில் பட்டாசு என்று செல்லமாகக் கூப்பிடப்படும் மகள் திறக்கவில்லை. மூன்று வயதை எட்டிப் பிடிக்கப்போகும் அவளுடைய உதடுகள், விடுமுறை நாள் கடை மாதிரி இறுகச் சாத்தியிருந்தன. மசித்த உருளைக்கிழங்கை ஏற்றி வந்த கரண்டி வாசலிலேயே நின்றது.

நாற்சந்தியில் கையை உயர்த்தினால் பேருந்தும் நிற்கும், அமைச்சர் வண்டியும் நிற்கும். அப்பேர்ப்பட்ட போக்குவரத்துக் காவலருக்கு வீட்டில் ஒரு கரண்டியை நகர்த்த வக்கில்லை.

மனைவிக்கு முற்பகலில் தொடங்கி இரவு வரை நீளும் வேலை. "ராத்திரி சாப்பாட்ட நான் பார்த்துக்கறேன், நீ நிம்மதியா போய்ட்டு வா" என்று மார்தட்டியவர் இவர்தான். இப்போது குழந்தையின் எடை ஏறவில்லை.

"அடுத்த மாசமும் ஏறலைன்னா வேலைய விட்டுடறேங்க" என்றாள் மனைவி. ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. அவள் அப்படிச் சொன்னது அவருக்கு நெஞ்சில் தைத்தது.

எடை பார்த்த நர்ஸ் சொன்ன யோசனை சின்னது. "கிண்ணத்த அவ முன்னாடி வைங்க. நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்க. அவ்வளவுதான் சார்."

இவ்வளவு சுலபமாகச் சொன்னால் யார் மதிப்பார்கள்? அவர் விசிலை எடுத்தார்.

ஓர் ஊதல். பட்டாசு வியப்பில் வாயைப் பிளந்தாள், லாரி உள்ளே போய்விட்டது. காவலர் வெற்றிப் பெருமிதத்தில் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாளே விசில் பழசாகிவிட்டது. "தொப்பி?" என்றாள் மகள். தொப்பி வந்தது. பிறகு சீருடை வந்தது, வெள்ளைக் கையுறை வந்தது. கடைசியில், "நெஜ லாரி எங்கப்பா?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் நாலு காலில் தவழ்ந்து லாரியானார். அவர் மனைவி ஆம்புலன்ஸ். கூடத்துக்கு நடுவே காவலர் நின்று இவரை நிறுத்தி அவரை விட, இடைப்பட்ட நேரத்தில் ஒரு வாய் உள்ளே போகும். சத்தம் தாங்காமல் மாடியேறி வந்தார் கீழ்வீட்டு வங்கி அதிகாரி.

"சார், நான் சண்டை போட வந்திருக்கேன்."

"தாராளமா போடலாம் சார். இவ நாலு வாய் சாப்பிடட்டும். அதுவரைக்கும் கைய நீட்டிட்டு அங்க நில்லுங்க. நீங்கதான் ரயில்வே கேட்."

அதிகாரி நின்றார். மறுநாள் சொல்லாமலே வந்து நின்றார்.

ஆட்கள் கூடக் கூட, உள்ளே போகும் வாய் குறைந்தது. சாப்பாடு ஆறிக் கல்லாகும் வரை பட்டாசு கன்னத்தில் கைவைத்துப் போக்குவரத்தை ரசித்தாள்.

"அண்ணே, இடுப்பு போச்சு" என்றார் தையல்காரர். "நாளைக்கு சைக்கிளா வரட்டுமா?"

"அவ லாரிதான் கேக்கறா தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

நாற்சந்தியில் நிலைமை இன்னும் மோசம். விதிமீறிய ஓட்டுநர் ஒருவரை மடக்கிய காவலர், பழக்க தோஷத்தில், "எங்க, ஆ காட்டு" என்றார். அந்த மனிதர் மது சோதனை என்று நினைத்துப் பயபக்தியுடன் வாயைத் திறந்தார்.

மாதம் முடிந்தது. எடைக் கருவியின் முள் பழைய இடத்திலேயே பிடிவாதமாக நின்றது. மனைவி ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பகலில் குழந்தையை விடும் காப்பகத்துக்கு இருவருமாகப் போனார்கள், இனி அனுப்பப் போவதில்லை என்று சொல்ல. மதியச் சாப்பாட்டு வேளை. குட்டி மேசைகளில் ஒன்றில் பட்டாசு உட்கார்ந்திருந்தாள். விசில் இல்லை, லாரி இல்லை. தானே அள்ளி, தானே தின்று, கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

காவலர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது எங்க பொண்ணுதானே?"

"உங்க பொண்ணுதான் சார்" என்றார் காப்பகத்து ஆயா. "தினமும் இப்படித்தான் சாப்பிடுவா."

"அப்ப ராத்திரி மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறா?" என்றாள் மனைவி.

ஆயா முந்தானையால் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"நானும் கேட்டேம்மா. 'சீக்கிரம் சாப்பிட்டுட்டா வெளையாட்டு முடிஞ்சிடும் ஆயா, அப்பா பாவம், அவருக்கு வெளையாட வேற யாருமில்ல'ங்கறா."