மூன்றாம் வகுப்பு ஆவுடையப்பர்

மேழி நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனாலும் அங்கே மன்னர் இருந்தார், மந்திரிகள் இருந்தார்கள், அதே மன்னரை மறுபடி மறுபடி தேர்ந்தெடுக்கும் தேர்தலும் இருந்தது. ஒரு தேர்தலுக்கு முந்தைய விருந்தில், இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றுமே வரவில்லை என்று அண்டை நாட்டுத் தூதர் சொல்லிவிட்டார். மன்னருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஆணை பிறந்தது: தொடக்கப்பள்ளி ஆசிரியர் அனைவரும் தலைநகரில் பயிற்சி பெற வேண்டும்.

ஓடைக்கரை ஊரில் ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர்: ஆவுடையப்பர். ஆணை வந்தபோது அவர் கழித்தல் கணக்கை நடத்திக்கொண்டிருந்தார். தாத்தா, அப்பா, அவர் என்று அந்த நாற்காலி ஒரே வீட்டில் இருந்து வந்தது. அந்த வீட்டு வாத்தியார் பாடத்தைப் பாதியில் விட்டு எழுந்தார் என்ற பேச்சு ஊரில் இதுவரை இல்லை.

"சீக்கிரம் வந்து முடிச்சுத் தாரேன். யாரும் பள்ளிக்கூடத்த விட்டுறாதீக" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

பயிற்சி மண்டபத்தில் கல்வி மந்திரி நுண்மதியார் முழங்கினார்: "பிள்ளைகள் இல்லாமல் பாடம் நடத்திக் காட்ட இயலாது. பிள்ளைகளை வரவழைத்தாலோ கூச்சல் போடுவார்கள். ஆகவே, ஆசிரியர்களே பிள்ளைகளாக இருப்பார்கள்!"

ஆண்களுக்கு அரைக்கால் சட்டை வந்தது. பெண்களுக்கு ரிப்பன் வந்தது. ஆவுடையப்பருக்கு மூன்றாம் வகுப்பு விழுந்தது. பக்கத்து ஊர் ஆசிரியை பேச்சியம்மாள் இரட்டைச் சடையோடு அவர் அருகே அமர்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க முட்டிய இன்னைக்குத்தான் பாக்கேன்."

"சும்மா இருங்க டீச்சர். இந்தக் கோலத்துல எங்க வீட்டு ஆம்பள யாரும் தெருவுல நின்னதில்ல."

பயிற்றுநர் இளைஞர். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பாடம் நடத்தியவரல்லர். அதுவே அவருடைய தகுதி. தண்ணீர் கொதித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஆவுடையப்பர் எழுந்து, ஆவியாகும் என்றார்.

"மூணாங்கிளாஸ் பையனுக்கு இது எப்படித் தெரியும்? தப்பாச் சொல்லுடா!"

அறுபதை நெருங்கிய மனிதர் அரைக்கால் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மெல்ல, "கல்லாயிரும், சார்" என்றார். பாராட்டு கிடைத்தது.

பயிற்சி முடியும் பருவம் வந்தபோது, அதை நீட்டி இன்னோர் ஆணை வந்தது. அந்த நாட்களில்தான் முப்புடாதி மண்டப வாசலுக்கு வந்தாள். அவள் மகள் செண்பகம் ஓடைக்கரைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

"அய்யா, பூட்டுன கதவப் பாத்துட்டுப் பிள்ளைக திரும்பி வருதுக. செண்பகம் இப்ப ஆட்டுக்குப் பின்னால போறா. எப்ப வருவீக?"

ஆவுடையப்பர் வாய் திறப்பதற்குள் காவலன் குறுக்கே வந்தான். "நீதான் இவன் அம்மாவா? பள்ளிக்கூட நேரத்துல பெத்தவங்க வரக்கூடாது. கிளம்பு."

முப்புடாதி அவரது அரைக்கால் சட்டையை ஒருமுறை பார்த்தாள். வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பிறகு மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருந்த ஆசிரியர்களுக்குத் தேர்வு நடந்தது. இம்முறை தப்பாகச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை; மூன்று பாடத்திலும் எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் முழுத் தேர்ச்சி என்று நுண்மதியார் முரசறைவித்தார். தூதர் தம் பேச்சைத் திரும்பப் பெற்றார். மன்னர் அந்தப் பிள்ளைகளை நேரில் வாழ்த்தக் கிளம்பினார்.

ஆவுடையப்பர் முடிவு செய்துவிட்டார். மன்னரிடமே கேட்டுவிட வேண்டும்; ஊருக்குப் போக வேண்டும்.

மன்னர் வரிசையாக வாழ்த்திக்கொண்டே வந்து, ஆவுடையப்பரின் நரைத்த தலையைத் தடவினார்.

"சமர்த்து. பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?"

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் வேறு. கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"வாத்தியார் ஆகணும், மகாராஜா. ஓடைக்கரையில."

மன்னரின் கண் கலங்கியது. "நல்ல ஆசை! கிராமங்களில் ஆசிரியரே இல்லை என்று தினமும் புகார் வருகிறது. உன்னைப் போன்றவர்கள்தான் வேண்டும். மந்திரியாரே, இவனை நான்காம் வகுப்புக்கு அனுப்புங்கள். முறையாகப் படித்து வரட்டும்."

மண்டபம் கை தட்டியது. எதற்கென்று விளங்காமலே ஆவுடையப்பரும் தட்டினார்.