மரக்கறி லிஸ்ட்டும் பன்னிரண்டு சொல்லும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பண்டாரவளை டவுனுக்குப் போய் மரக்கறி வாங்கிட்டு வரணும்.

கிளம்புற நேரத்துல ஒரு மெயில் வந்துச்சு. என் கிரிப்டோ வாலட்டை அன்னிக்குச் சாயங்காலமே மூடப் போறாங்களாம். மூடாம இருக்கணும்னா லிங்க்கைத் திறந்து என்னோட பன்னிரண்டு சொல்லையும் அடிக்கணுமாம்.

வெளிநாட்டுக்காரங்களுக்கு லோகோ வரைஞ்சு குடுக்குறேன். கூலியைக் கிரிப்டோங்கிற இன்டர்நெட் காசாத்தான் அனுப்புவாங்க. வீட்டுக் கூரைத் தகரம் மாத்த அதைச் சேர்த்து வெச்சிருக்கேன். அந்தப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொல்லுதான் வாலட்டுக்குச் சாவி. சொல்லு யாரு கையில இருக்கோ, காசு அவங்களுது.

இதெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குற மாஸ்டர் நான். "யாரு கேட்டாலும் பாஸ்வேர்டைக் குடுக்காதீங்க"னு போன வாரம்தான் ஒரு மணி நேரம் பேசினேன்.

ஆனா மெயில்ல 'அவசரம்'னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தாங்க. சிவப்பைப் பார்த்ததும் மாஸ்டருக்குப் பாடம் மறந்து போச்சு.

எங்க தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் ஒரு கோடுதான். லிங்க் திறக்கல. சரி, டவுன்ல திறப்போம்னு, அலுமாரியில இருந்த பன்னிரண்டு சொல் பேப்பரை எடுத்துச் சட்டைப் பையில போட்டேன். அதே பையில சம்சாரம் ஜெயந்தி மரக்கறி லிஸ்ட்டை வெச்சா.

பஸ் இறங்கி, வழக்கமா வாங்குற நஸீர் நானா கடைக்குப் போனேன். லிஸ்ட்டைக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு லிங்க்கைத் தட்டினேன். திறந்துச்சு. வரிசையா பன்னிரண்டு கட்டம்.

பையில இருந்த பேப்பரை விரிச்சேன். முதல் வரியில 'லீக்ஸ் அரைக் கிலோ'னு இருந்துச்சு.

அப்ப கடைக்குள்ள இருந்து நானாவோட குரல் கேக்குது.

"பொட்டேட்டோ ஈக்கிது. கெபேஜ் ஈக்கிது. அனியன் ஈக்கிது. டொல்பின் இங்க இல்ல தம்பி, மீன் கடையில கேட்டுப் பாருங்க."

நான் உள்ள ஓடுறதுக்குள்ள மனுஷன் பன்னிரண்டையும் வாசிச்சு முடிச்சிட்டாரு. சத்தமா. சாமான் வாங்க வந்த ரெண்டு அக்காமாரும் ஒரு ஆட்டோக்கார அண்ணனும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க.

"மாஸ்டர், இது பிள்ளைங்க டிக்டேஷனா?"னு அண்ணன் கேட்டாரு.

பேப்பரைப் பிடுங்கிக்கிட்டு, வேற வழியில்லாம நானாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"அந்தக் கம்பெனிக்கு உங்கட ஈமெயிலைக் குடுத்தீங்களா?"

யோசிச்சேன். குடுக்கல. அந்த வாலட் தொடங்கும்போது ஈமெயிலே கேக்கல.

"குடுக்காட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்னா, போன மாசம் 'இலவசக் காயின்'னு எங்கயோ பார்த்து, ஆசையில என் ஈமெயிலைப் பதிஞ்சு வெச்சவன் நான்தான். அதை நானாகிட்ட சொல்லல. மெயில் அனுப்பினவன் விலாசத்தை இப்பத்தான் பார்த்தேன். வாலட் பேருல ஒரு எழுத்து அதிகமா இருந்துச்சு. உள்ள என் பேரும் இல்ல, 'அன்பான வாடிக்கையாளரே'தான்.

மெயிலை அழிச்சிட்டு, "நல்லவேளை நானா, ஒரு சொல்லுகூட வெளிய போகல"னு சொன்னேன்.

ஆட்டோ அண்ணன் திரும்பினாரு. "டொல்பினுக்குப் பிறகு அம்ப்ரெல்லாதானே மாஸ்டர்?"

அவரு தங்கமான மனுஷன்தான். ஆனா சாவி ஊருக்கே தெரிஞ்ச பிறகு பூட்டை வெச்சு என்ன பண்றது? அங்கேயே அரிசி மூட்டை மேல உக்காந்து, புது வாலட் தொடங்கி, புதுச் சொல்லைச் சுவர்ப் பக்கம் திரும்பி எழுதி, காசு பூராவையும் மாத்தினேன். நானா பிளேன்டீ வாங்கிக் குடுத்தாரு. அவசரத்துல பாதியைச் சட்டையில ஊத்திக்கிட்டேன்.

வீட்டுக்கு வர மூணு மணி நேரம் லேட்.

ஜெயந்தி கேட்டா, "என்னங்க, மரக்கறி வாங்க இவ்வளவு நேரமா?"

"நம்ம காசை ஒருத்தன்கிட்ட இருந்து காப்பாத்திட்டு வாறேன்"னு பெருமையாச் சொன்னேன்.

"யாருகிட்ட இருந்து?"

நல்லா யோசிச்சுப் பார்த்தா, என்கிட்ட இருந்துதான்.